எந்தக் கேமராவை ஊருக்கு எடுத்துப்போவது?

சென்ற பொங்கல் விழாவன்று சங்க மண்டபத்தில் சாப்பிட்டு, இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போகும் வழியில் நண்பர் ஒருவர் என் தோளைத் தொட்டு நிறுத்தினார். அவருக்கும் பூர்வீகம் தங்கவயல்தான்; சாம்பியன் ரீஃப் பக்கம். பிறந்த வீட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக ஊருக்குப் போகிறாராம்.

"நீங்க போட்டோ விஷயம் தெரிஞ்சவரு. கல்யாண போட்டோகிராபர் ஒருத்தரு பழைய பெரிய கேமராவை மலிவா குடுக்கறேங்கிறாரு. என் பொண்ணு, சட்டைப்பையில போட்டுக்கற மாதிரி சின்னதா ஒண்ணு வாங்குங்கப்பாங்கறா. எதை வாங்கறது சார்?"

"பெரியதையே வாங்குங்கள், யோசிக்க வேண்டாம்" என்று கை கழுவும் அவசரத்தில் சொல்லிவிட்டேன். வீடு வந்து சேர்ந்ததும் மனம் உறுத்தியது. எந்த வீட்டில், எந்த வெளிச்சத்தில், யாரைப் படம் எடுக்கப் போகிறார் என்று கேட்காமல் சொன்ன பதில் அது. இப்படிக் கேட்பவர் நம் சங்கத்தில் அவர் ஒருவர் மட்டும் அல்லர் என்பதால், அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் இரண்டு வகையும் இருக்கின்றன. பெரியது நிக்கான் டி700. 2008இல் வெளிவந்த டி.எஸ்.எல்.ஆர்.; தொழில்முறைக்காரர்கள் அன்று ஆசைப்பட்டு வாங்கிய கருவி. நான் வாங்கியது வெகுநாள் கழித்து, செகண்ட் ஹாண்டில். சின்னது சோனி ஆர்.எக்ஸ்.100. 2012இல் வந்தது, மகள் தன் முதல் சம்பளத்தில் எனக்கு வாங்கித் தந்தாள். பெரியது லென்ஸும் பேட்டரியும் இல்லாமலே 995 கிராம். அதில் வழக்கமாக மாட்டும் 24-120 லென்ஸ் இன்னொரு 710 கிராம். சின்னது பேட்டரி, கார்டு எல்லாம் சேர்ந்து 240 கிராம்தான். பெரியதில் 12 மெகாபிக்சல், சின்னதில் 20.

கடைக்காரர்கள் இந்த 12, 20 என்ற எண்களைக் காட்டித்தான் பேசுவார்கள். அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். டி700 தரும் படம் 4256க்கு 2832 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சகக் கணக்குப்படி 14 அங்குல அகலத்துக்கு அது தாராளமாக வரும். கூடத்துச் சுவரில் மாட்டவும் நம் இதழின் அட்டையில் போடவும் அதற்கு மேல் தேவை இல்லை.

பார்க்க வேண்டியது உள்ளே ஒளியை வாங்குகிற தகடு எவ்வளவு பெரியது என்பதை. சென்சார் என்கிறார்களே, அதுதான். மழையில் முற்றத்தில் அண்டாவையும் சொம்பையும் வைத்தால் எதில் அதிகத் தண்ணீர் சேரும்? பெரியதின் சென்சார் பழைய ஃபிலிம் அளவு, அதாவது 36க்கு 24 மில்லிமீட்டர். சின்னதில் இருப்பது 13.2க்கு 8.8. பரப்பளவைப் பெருக்கிப் பார்த்தால் பெரியது ஏழு மடங்குக்கும் மேல். இருட்டறையில் படம் எடுத்தால் பெரியதில் தோல் தோலாகவே தெரிவதும், சின்னதில் ரவை தூவினாற்போல் புள்ளி புள்ளியாக வருவதும் இதனால்தான்.

ஆனால் அண்டாவின் வாயை மூடி வைத்துவிட்டால் என்ன செய்வது? பெரிய கேமராவோடு நம்மில் பலர் வாங்குவது ஜூம் லென்ஸ். என்னுடைய ஜூமின் துளை எஃப் 4க்கு மேல் திறக்காது. சின்னதில் பொருத்தியே வருகிற லென்ஸ், அகலக் கோணத்தில் எஃப் 1.8 வரை திறக்கும். கணக்குப் போட்டால் அது சுமார் ஐந்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. ஏழு மடங்கு அனுகூலத்தில் ஐந்து மடங்கு இப்படியே போய்விடுகிறது. மிச்சத்தைச் சுமக்கவா ஒன்றே முக்கால் கிலோ? இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் அத்தை வீட்டில் நானே பட்டுத் தெரிந்துகொண்டேன்.

அதைச் சொல்லுமுன், ஊருக்குப் போகிறவனுக்குக் கேமரா ஏன் இவ்வளவு பெரிய கேள்வியாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இரண்டு மூன்று தலைமுறையாகப் பெங்களூரிலோ மும்பையிலோ இருப்பவர்களுக்கு இது விசித்திரமாகப் படலாம்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது முதல் 2001 பிப்ரவரி 28 அன்று மூடியது வரை, 120 ஆண்டு அந்த மைன்ஸ் ஓடியது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கமிருந்தும் போன நம் ஜனங்கள்தான் கேஜில் ஏறிக் கீழே இறங்கியவர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. என் அப்பா அதில் 31 வருடம் இறங்கி ஏறினார். அவர் வேலை செய்யும் கோலத்தில் ஒரு படம்கூட எங்கள் வீட்டில் இல்லை. கல்யாணத்துக்கு மறுவாரம் ராபர்ட்சன்பேட்டை ஸ்டூடியோவில் அம்மாவோடு நின்று எடுத்த படம் ஒன்று, பாஸுக்காக எடுத்த தபால்தலை அளவுப் படம் ஒன்று, என் தங்கை கல்யாணத்தில் யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் பாதி முகம் தெரியும் படம் ஒன்று. அவ்வளவுதான் அப்பா.

கேமரா அந்த ஆழத்துக்குப் போகாமல் இல்லை. 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குள் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தாரும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து கருவிகளை நிறுவினார்கள். காற்று மண்டலத்தில் பிறந்து பூமியையே ஊடுருவிப் போகும் நியூட்ரினோ என்ற துகளின் தடயத்தை உலகில் முதன்முதலாகக் கண்டவர்களில் அவர்களும் உண்டு. வரிசையாக அடுக்கிய நியான் குழாய்களில் ஒரு கணம் மின்னும் வெளிச்சத்தைக் கேமரா வைத்துப் பிடித்தார்கள். கண்ணுக்கே தெரியாத ஒன்றின் படம் எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் கிடைத்தது என்பதில் எனக்குப் பெருமைதான். அதே கேஜில் இறங்கிய அப்பாவின் படம் இல்லையே என்ற குறையும் கூடவே இருக்கிறது.

இனி அவரை எடுக்க முடியாது. ஊரையாவது எடுக்கலாம் என்றுதான் நான் கேமராவைக் கையில் எடுத்தேன். அதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை. லைன் வீடுகளைப் பிள்ளைகள் இடித்துக் கட்டுகிறார்கள்; கட்டட்டும், அந்தப் பத்தடி அறையில் யாரும் காலமெல்லாம் கிடக்க வேண்டியதில்லை. சாப்டுகளின் மேல் நின்ற இரும்புக் கோபுரங்கள் துருப்பிடிக்கின்றன. சயனைடு மேடு நமக்கெல்லாம் மலை மாதிரி, அசையாது என்று நினைத்திருந்தோம். 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, அந்த 13 கழிவு மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்துவிட்டது. ஆகவே மலையும் போகலாம்.

இப்போது அத்தை வீட்டுக்கு வருகிறேன்.

அது ஒரு தை மாதம். அவரைக்காய், மொச்சைக் காலம். அத்தைக்கு அப்போது எண்பது நெருங்கியிருந்தது. ஊறவைத்த மொச்சையைத் தோல் பிதுக்கிக்கொண்டு, சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு சன்னல். அதற்கும் பாதி பழைய புடவைத் திரை. நான் பையைத் திறந்து பெரிய கேமராவை எடுத்தேன்.

"இன்னாடா இது, பீரங்கி மாதிரி இருக்குது?"

"போட்டோதான் அத்தே. நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க."

எங்கே பார்த்தார்! மொச்சைத் தட்டை அப்பால் நகர்த்தினார். உள்ளே போய்ப் பத்து நிமிடம் கழித்துப் பட்டுக்கரைப் புடவை கட்டி, தலைவாரி, திருநீறு பூசி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகு நேரே நிமிர்ந்தது. இரண்டு கையும் முழங்காலில். முகத்தில் சிரிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. ராபர்ட்சன்பேட்டை ஸ்டூடியோவில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட மனிதருக்கு முன்னால் எப்படி உட்கார்ந்தாரோ அப்படியே உட்கார்ந்தார்.

ஜூமைப் போட்டு எடுத்தேன், இருட்டு. ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினேன், ரவை தூவினாற்போல் ஆகிவிட்டது. ஃப்ளாஷ் போட்டால் எண்ணெய் தடவிய தலையும் மூக்குத்தியும் மட்டும் பளபளக்கின்றன. பின்னால் சுவரில் ஒரு பூதநிழல். கடைசியில் ஜூமைக் கழற்றி, பையின் அடியில் கிடந்த 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸை மாட்டினேன். நிக்கான் லென்ஸ்களிலேயே விலை குறைந்தவற்றில் ஒன்று அது. எடையும் 155 கிராம்தான். அண்டாவின் மூடி அப்போதுதான் திறந்தது. முகச்சுருக்கம் ஒவ்வொன்றும், கண்ணில் படர்ந்த புரை, காதோரத்து நரை எல்லாம் சிற்பம்போல் விழுந்தன. ஆனால் பின்னால் இருந்த சுவர் கரைந்த பாலாகிவிட்டது.

துளையை அகலத் திறந்தால் பெரிய சென்சாரில் குவிந்த இடம் மட்டும் தெளியும், மற்றது கலங்கும். ஒளி வேண்டுமென்றால் திறந்தாக வேண்டும். திறந்தால் பின்னணி போய்விடும். இப்படிப் பின்னணி கலங்குவதைத்தான் இன்று எல்லோரும் அழகு என்கிறார்கள். கைபேசிகூடப் பொய்யாகக் கலக்கிக் காட்டுகிறது. கல்யாணப் பெண்ணுக்குப் பின்னால் மண்டபத்து நாற்காலிகள் கலங்கினால் நல்லதுதான். அத்தை வீட்டுச் சுவர் கலங்கினால் எனக்கு என்ன மிஞ்சும்?

கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன். அத்தையும் "முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, அதே பட்டுக்கரைப் புடவையோடு மறுபடி மொச்சைத் தட்டை இழுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வந்து ஏதோ சொல்ல, அத்தை வாய்விட்டுச் சிரித்தார். சின்ன கேமரா என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்து, மடியில் வைத்தபடியே ஒரு படம். அகலக் கோணம், எஃப் 1.8, நொடியில் முப்பதில் ஒரு பங்கு. கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதி அதில் இருப்பதால் படம் அசையவில்லை. ஏழில் ஒரு பங்குச் சென்சாரில், திறந்த துளையிலும், மூன்று கெஜ தூரத்துக்குள் எல்லாம் ஏறக்குறையத் தெளிவு. ரவைப் புள்ளி இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். இருந்தால் என்ன?

அந்தப் படத்தை வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். அத்தையின் சிரிப்பு இருக்கிறது. ஆணியில் மாமாவின் ஹெல்மெட் தொங்குகிறது. மாரியம்மன் படம், அம்பேத்கர் படம், நாள் கிழிக்காமல் விட்ட காலண்டர். கதவு நிலையில் பென்சில் கோடுகள். நாங்கள் பள்ளிக்கூட விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மாமா எங்களை நிலையில் சாய்த்து நிறுத்தி, தலைமேல் அடிமட்டம் வைத்து உயரம் குறிப்பார். எத்தனையோ தரம் அந்த நிலையைத் தாண்டிப் போயிருக்கிறேன், கோடுகள் இன்னும் இருக்கின்றன என்று கவனித்ததே இல்லை. கேமரா கவனித்திருந்தது. என் கோட்டுக்கு இரண்டு விரல்கடை மேலே இருந்தது அத்தையின் மூத்த மகனுடைய கோடு. அவன் பதினாறு வயதில் போய்விட்டான். மூன்று வருடம் கழித்து இளையவன் வீட்டை இடித்துக் கட்டினான். நிலையும் போயிற்று.

கதை இதோடு முடிந்திருந்தால் "சின்னதே வாங்குங்கள்" என்று நண்பருக்குச் சொல்லிவிட்டுப் பேனாவை மூடியிருப்பேன். முடியவில்லை.

அடுத்த முறை போனபோது இரண்டு படங்களையும் பெரிதாகப் பிரிண்டு போட்டு எடுத்துப்போனேன். மொச்சை பிதுக்கும் படத்தை நீட்டினேன். அத்தை அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "ஐயே, இன்னாத்துக்குடா இதை எடுத்தே? கால நீட்டிக்கினு, பல்லு தெரிய!" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நாற்காலிப் படத்தை மட்டும் வெகுநேரம் கையில் வைத்திருந்தார். "இது நல்லாக்கீது. இதைப் பெரிசு பண்ணிக் கண்ணாடி போட்டு வை. அப்புறம் தேடிக்கினு இருக்காதீங்க" என்றார். அவர் காலமானபோது மாலை விழுந்தது அந்தப் படத்துக்குத்தான். தேட வேண்டியிருக்கவில்லை.

அன்று கொஞ்சம் வருத்தப்பட்டேன்; பிறகு யோசித்ததில் அத்தை பக்கம்தான் நியாயம் என்று பட்டது. தலைமுறை தலைமுறையாக அழுக்கு உடுப்போடு வேலை செய்தவர்கள் படம் என்றதும் நல்ல துணி கட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அது அவர்கள் தங்களுக்குத் தாங்களே செய்துகொண்ட மரியாதை. "இயல்பாக இருங்கள், அதுதான் அழகு" என்று சொல்ல நான் யார்? 2018இல் அந்தக் கன்னட சினிமா வந்து ஊர்ப்பெயர் நாடெங்கும் தெரிந்த பிறகு, பார்க்க வருகிறவர்களும் பெருகினார்கள். லைன் வழியாக நடந்தபடியே சட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வாசலில் பாத்திரம் கழுவும் பெண்ணை, கயிற்றுக்கட்டிலில் படுத்திருக்கும் கிழவரை, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. சின்னக் கருவி அதற்கு மிகவும் வசதி. பெரிய கேமராவைத் தூக்கினால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், "யாருப்பா நீ, யாரு வூட்டுப் புள்ள?" என்று கேட்பார்கள், பதில் சொல்லித்தான் எடுக்க முடியும். அந்த எடையில் இந்த ஒரு நன்மை இருக்கிறது.

ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்று என்னைக் கட்டாயப்படுத்தினால் சின்னதையே வைத்துக்கொள்வேன். ஆனால் பெரியதைத் தூக்கியவன் நடந்துகொள்வதுபோல் அதை வைத்து நடந்துகொள்வேன். கேட்டுவிட்டு எடுப்பேன். அவர்கள் புடவை மாற்றிவர விரும்பினால் காத்திருப்பேன். முதல் படம் அவர்கள் விருப்பப்படி. இரண்டாவதுதான் என் விருப்பப்படி. மடியில் வைத்து எடுத்தேனே, அதை இனிச் செய்யமாட்டேன். அந்தப் படம் இன்று எங்கள் குடும்பத்துக்கே பொக்கிஷம் என்பதையும் மறைக்கவில்லை.

வீட்டுக்கு வெளியே வந்தால் கதை வேறு. சயனைடு மேட்டின் மேல் ஏறி நின்றால் வெளுத்த மண்ணும் நடுப்பகல் வெயிலும் கண்ணைப் பறிக்கும். சின்னதில் கண்ணை வைத்துப் பார்க்கத் துளை கிடையாது. முதுகுத் திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அந்த வெயிலில் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். பெரியதில் கண்ணை ஒட்டிவைத்தால் வெயிலாவது மழையாவது. காற்று அடித்தால் அந்த மாவுபோன்ற தூசி எங்கும் நுழையும். வெளியே நீண்டு உள்ளே மடங்கும் லென்ஸின் இடுக்கில் அது புகுந்துவிட்டால் சின்ன கேமராவின் ஆயுள் அதோடு சரி. திறந்து துடைக்க வழியில்லை. டி700க்கு மூட்டுகளில் தூசி புகாத அடைப்பு உண்டு. அதற்காக மேட்டின் மேல் நின்றுகொண்டு லென்ஸை மாற்றிவிடாதீர்கள். நான் மாற்றினேன். அன்று எடுத்த படங்களில் வானத்தில் ஏழெட்டுக் கரும்புள்ளி, காக்கை பறப்பதுபோல.

வண்டிப் பயணத்தையும் யோசிக்க வேண்டும். மாரிகுப்பத்திலிருந்து விடிவதற்குமுன் கிளம்பிப் பெங்களூருக்கு வேலைக்கு வரும் ஜனங்களோடு அந்த ரயிலில் ஒருமுறை வந்து பாருங்கள். நிற்க இடம் கிடைத்தாலே புண்ணியம். அதில் பெரிய பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றபோது ஒரு பெரியவர், "குழந்தையா சார்?" என்று கேட்டார். எனக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தோள்வலி வந்தபிறகு பெரியது பாதி நாள் அலமாரியிலேயே தங்கிவிடுகிறது.

"கைபேசியே போதாதா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லாமல் விட்டால் இளைஞர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். அவசரத்துக்குப் போதும். உலகமும் அப்படித்தான் முடிவு செய்திருக்கிறது. 2010இல் ஜப்பானியக் கம்பெனிகள் அனுப்பிய கையடக்கக் கேமராக்கள் சுமார் 10.9 கோடி, 2023இல் அது 20 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. ஆனால் என் சித்தப்பாவின் நெற்றியில், பாறை வெடித்துச் சிதறியபோது பட்ட தழும்பு ஒன்று உண்டு. என் மருமகனின் கைபேசி அவரைப் படம் எடுத்து, நெற்றியை மெழுகிக் கொடுத்தது. தழும்பு இல்லாத சித்தப்பாவை எனக்குத் தெரியாது. முகத்தை மெழுகும் அந்த வசதியை அணைத்துவிட்டு எடுப்பதானால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பழைய பெரிய கேமரா வாங்குகிறவர்கள் சில விஷயங்களைப் பார்த்து வாங்க வேண்டும். டி700இன் ஷட்டர் ஒன்றரை லட்சம் தடவை என்ற கணக்கில் சோதிக்கப்பட்டது. கல்யாண போட்டோகிராபர் கையில் அது இரண்டே முகூர்த்தக் காலத்தில் பாதியைத் தாண்டியிருக்கும். எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பது ஒவ்வொரு படத்தின் உள்விவரத்திலும் பதிவாகி இருக்கும். கேட்டுப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். அதில் போடுவது பழைய காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு. அந்தக் கார்டும் அதைக் கணினியில் செருகும் கருவியும் எல்லாக் கடையிலும் கிடைக்காது. வீடியோ எடுக்காது. ஜூமை மறந்துவிட்டு 50 எஃப் 1.8 ஒன்று மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். சின்னது வாங்குகிறவர்கள், லென்ஸ் தடங்கலின்றி நீண்டு மடங்குகிறதா, திரையில் கரும்புள்ளி விழுகிறதா என்று வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துப் பாருங்கள். அதை மைக்ரோ யு.எஸ்.பி. போன் சார்ஜரிலேயே சார்ஜ் செய்யலாம். உறவினர் வீட்டில் தங்கும்போது இது எவ்வளவு பெரிய உபகாரம் என்று போனபிறகு தெரியும்.

எதில் எடுத்தாலும் இரண்டு இடத்தில் படி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்து ஊர்ப் படங்களை ஒரே டிஸ்கில் வைத்திருந்து, அது ஒருநாள் டிக் டிக் என்று சத்தம் போட்டு நின்றபோது நான் பட்ட பாடு போதும். அத்தையின் படங்கள் பிழைத்தது, பிரிண்டு போட்டு வைத்திருந்ததால்தான். இருக்கும் பிரிண்டை இப்போது நானே மறுபடி படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்த வேலைக்கு, அதாவது பழைய படத்தைப் படம் எடுப்பதற்கு, பெரியதை விட்டால் வேறு நாதியில்லை. தங்கவயல்காரர் எவர் வீட்டிலும் ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றாவது இருக்கும். மைன்ஸ் கால்பந்து அணி, யூனியன் கூட்டம், யாருடைய கல்யாணமோ. "கொடுங்கள், நகல் எடுத்துத் தருகிறேன்" என்றால் கொடுக்கமாட்டார்கள்; சரிதான், ஊரைவிட்டுப் போன படம் எப்போது திரும்பி வந்திருக்கிறது? அங்கேயே எடுக்க வேண்டும். சின்னதை அகலக் கோணத்தில் வைத்துக் கிட்டே போனால் சட்டத்தின் ஓரங்கள் பலாப்பழம்போல் உப்பிவிடும். வேறு வழியில்லையென்றால் ஜூமைப் பாதிவரை நீட்டிக்கொண்டு, இரண்டடி தள்ளி நின்று எடுங்கள். பெரியதில் 50 லென்ஸைப் போட்டு, துளையை எஃப் 8க்குக் குறைத்து, முக்காலியில் நிறுத்தினால் கோடு கோடாகவே வரும். படத்தைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். ஃப்ளாஷ் கூடாது. கண்ணாடியில் உங்கள் உருவம் தெரியாமலிருக்க, கறுப்புப் போர்வை ஒன்றைக் கேமராவுக்குப் பின்னால் யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சென்ற வருடம் என் தங்கை கல்யாணப் படத்தை இப்படி எடுத்தபோதுதான், தோளுக்குப் பின்னால் தெரிந்த அப்பாவின் பாதி முகத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார் என்பதைக் கண்டேன்.

நம் சங்கத்துத் தங்கவயல் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாதக் கூட்டத்தன்று காலை பத்து மணிமுதல் மண்டபத்தின் பின்னறையில் பெரிய கேமராவும் முக்காலியுமாக இருப்பேன். வீட்டில் இருக்கும் பழைய படங்களைக் கொண்டுவாருங்கள். பத்து நிமிடத்தில் எடுத்துக்கொண்டு உங்கள் கையிலேயே திருப்பித் தந்துவிடுகிறேன். சட்டத்திலிருந்து கழற்ற வேண்டாம். பழைய படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் முகம் உரிந்துவிடும். படத்தில் இருப்பவர்களின் பெயர் தெரிந்த பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால் அவரையும் கூட அழைத்துவாருங்கள். கறுப்புப் போர்வை என்னிடம் இருக்கிறது.